நழுவும் கையுறை: மணிக்கட்டைக் காக்க எது நல்லது?

சிசேரியன் ஒன்று முடிந்து, கவுனையும் கையுறையையும் உரித்துப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனபோதுதான் கவனித்தேன். இடது மணிக்கட்டைச் சுற்றி ரோஜா நிறத்தில் ஒரு தடம். இறுக்கமான வளையலைக் கழற்றிய பிறகு தோலில் தெரியுமே, அதுபோல. ஆனால் இது ரத்தம். என்னுடையது அல்ல.

கையுறை கிழிந்திருக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். தோலில் கீறல் ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினேன். பிறகு புதுக் கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு, குப்பைக்குப் போகவிருந்த பழையதை எடுத்துத் தண்ணீர் நிரப்பினேன். தொழிற்சாலையில் செய்கிற சோதனையும் ஏறக்குறைய இதுதான்: கையுறைக்குள் 1,000 மில்லி தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். நான் விரல் விரலாகப் பிதுக்கிப் பார்த்தேன். பசுவின் மடிபோல உப்பி நின்றதே தவிர ஒரு சொட்டும் வரவில்லை. கையுறையில் ஓட்டை இல்லை. ரத்தம் வாசல் வழியாகவே உள்ளே வந்திருக்கிறது.

கையுறை என்றதும் எல்லோரும் பேசுவது விரல் நுனியைப் பற்றித்தான். ஊசி குத்துவதும் எலும்பு முனை கிழிப்பதும் அங்கேதான் என்பதால் அது நியாயம்தான். ஆனால் மணிக்கட்டில் கையுறை கீழே சுருண்டு இறங்குவதை யாரும் ஒரு கோளாறாகவே கணக்கில் எடுப்பதில்லை. இழுத்துவிட்டுக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள். எங்கள் ஆபரேஷன் தியேட்டருக்கு எந்தக் கையுறையை வாங்குவது, எந்தப் பழக்கத்தை எல்லோருக்கும் பொதுவாக்குவது என்று முடிவெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது, அந்த ரோஜா நிறத் தடத்திலிருந்துதான் தொடங்கினேன்.

ஏன் இறங்குகிறது?

கவுனின் கைப்பகுதியை மேசைமேல் விரித்துப் பாருங்கள். மேலே முழுவதும் திரவம் ஊடுருவாத துணி. முடிவில் மட்டும் விரல் நீளத்துக்குப் பின்னல் துணியாலான கஃப். சாக்ஸின் மேல்பகுதியைப் போல மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள மட்டுமே அது இருக்கிறது. திரவத்தைத் தடுப்பது அதன் வேலை அல்ல. சொல்லப்போனால் பஞ்சுபோல உறிஞ்சும். கவுன் எவ்வளவு உயர்ந்த தரமாக இருந்தாலும் அந்தத் தரம் மார்புக்கும் கைத்துணிக்கும்தான், கஃபுக்கு இல்லை. கையுறை அந்தக் கஃப் முழுவதையும் மூடி, தையலையும் தாண்டி மேலே ஏறியிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் கவுனே வடிவமைக்கப்படுகிறது. கையுறை இரண்டு விரற்கடை இறங்கினால் அந்த நம்பிக்கை போயிற்று. நனைந்த கஃப் தோலைத் தொட்டபடி இருக்கும். வெளியிலிருந்து ரத்தம் உள்ளே வரலாம். உள்ளே இருக்கும் வியர்வை வெளியே போகலாம்.

இரண்டாவதுதான் நோயாளிக்கு ஆபத்து. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் தோலின் ஆழத்தில் வாழும் பாக்டீரியாக்கள் முற்றிலும் ஒழிவதில்லை. கையுறைக்குள் சூடும் ஈரமும் சேரும்போது அவை மறுபடி பெருகுகின்றன. நீண்ட அறுவையின் முடிவில் கையுறைக்குள் தேங்கியிருக்கும் அந்த வியர்வையை ஸ்டெரைல், அதாவது கிருமியற்றது, என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கவுன் துணி வழவழப்பானது என்பது ஒரு காரணம். இன்னொன்று, யாரும் கவனிக்காத காரணம்: மடிப்பு. கவுனின் கை நீளமாக இருந்தால் மிச்சத் துணி மணிக்கட்டில் கொசுவம் வைத்ததுபோல் சேர்ந்துகொள்கிறது. அதன்மேல் கையுறையை இழுத்து மாட்டினால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு சிறு வாய்க்கால். ஒருமுறை பயிற்சி வகுப்பில் இதைச் சாயத் தண்ணீரில் செய்து காட்டினேன். ஒரு கையில் துணியைத் தட்டையாக நீவிவிட்டுக் கையுறை. மறு கையில் மடிப்போடு. இரண்டையும் சாயத்தில் தோய்த்து எடுத்தபோது, மடிப்பு இருந்த கையில் மூன்று சிவப்புக் கோடுகள் விளிம்பிலிருந்து நேரே கஃபுக்கு ஓடியிருந்தன. கையுறை இம்மியும் இறங்கியிருக்கவில்லை.

முதல் வழி: அளவைத் திருத்துவது

காசில்லாத வழி என்பதால் இதற்கு மரியாதையே கிடைப்பதில்லை. அறுவைக் கையுறைகள் ஐந்தரையிலிருந்து ஒன்பதுவரை அரை அரையாக ஏறும். அந்த எண், கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி அளந்தால் வரும் அங்குலக் கணக்கை ஒட்டியது. பெரும்பாலோர் பயிற்சிக் காலத்தில் யாரோ எடுத்துக்கொடுத்த எண்ணையே ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் அறுவை மருத்துவர் ஒருவருக்கு எப்போதும் கையுறை இறங்கும். அவர் கேட்பது ஏழரை. ஒருநாள் நூல் நாடாவை வைத்து அளந்தேன், ஏழுதான் வந்தது. "சிஸ்டர், பதினைந்து வருடமாக நான் ஏழரை" என்றார். "அதனால்தான் டாக்டர், ஏழரை உங்களை விடவில்லை" என்றேன். சிரித்துவிட்டு ஏழுக்கு மாறினார். விரல் நுனியில் தொளதொளத்து நின்ற ரப்பர் போயிற்று. விளிம்பும் முன்னைவிட நின்றது. முற்றிலும் நின்றதா என்றால் இல்லை. அவருடைய கவுன் பெரிதாக இருந்தது. அதையும் ஓர் அளவு குறைத்த பிறகுதான் பாதித் தொல்லை தீர்ந்தது.

சிறிய கையுறையும் இதே கோளாற்றைக் கொடுக்கும். கை அகலத்துக்கு ரப்பர் இழுபட்டுவிடுவதால் நீளம் குறைகிறது. விளிம்பு கஃபின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. கட்டைவிரலின் அடியில் வலி வந்தால் அளவு சிறிது என்று அர்த்தம். கவுனின் கை குட்டையாக இருந்தாலோ, எட்டி வேலை செய்யும்போதெல்லாம் துணி முழங்கையை நோக்கிப் பின்வாங்கும்; கஃபும் கையுறைக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வெளியே வரும். ஆகவே கையுறை அளவை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு கவுன் அளவைக் குறிக்காத பட்டியல் பாதிப் பட்டியல்தான்.

ஈரக் கையில் கையுறை மாட்டுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன்பு பவுடர் இருந்ததால் கை வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அந்தப் பவுடர் திசுக்களில் அழற்சியையும் ஒட்டல்களையும் உண்டாக்கியதால் பல இடங்களில் கைவிடப்பட்டது. அமெரிக்காவில் 2017 ஜனவரியில் தடையே நடைமுறைக்கு வந்தது. இப்போது ஆல்கஹால் முழுமையாகக் காயாத கையில் மாட்டினால் விரல்கள் பாதியில் சிக்கும். வலிந்து இழுக்கும்போது விளிம்பு தளர்கிறது, சில நேரம் கிழிகிறது. இன்னும் அரை நிமிடம் காய விட்டிருந்தால் போதும்.

இரண்டாவது வழி: விளிம்பைப் பார்த்து வாங்குவது

கையுறையின் விளிம்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உருட்டி முடித்த விளிம்பு. கயிறுபோல் தடித்த வளையம் இருக்கும். பிடித்து இழுக்க வசதி, சட்டென்று கிழியாது. ஆனால் அந்த வளையத்துக்குத் தன்மேல் தானே உருளும் குணம் உண்டு. ஒரு சுற்று உருண்டுவிட்டால் பாய் சுருட்டுவதுபோல் தடையில்லாமல் கீழே வரும். மற்றது, உருட்டாமல் நேராக வெட்டிய விளிம்பு. இது துணியோடு தட்டையாகப் படிந்திருக்கும். உருள்வதற்கு அங்கே வளையமே இல்லை. சிலவற்றில் விளிம்பை ஒட்டி உட்பக்கம் லேசாகப் பசைத்தன்மை உள்ள பட்டை ஒன்றும் வைத்திருப்பார்கள். அது துணியைப் பற்றிக்கொள்ளும்.

நான் நேர்விளிம்பு, பற்றுப்பட்டைக்காரி. ஆனால் விற்பனையாளர் கொண்டுவரும் மாதிரியை வெறும் கையில் மாட்டிப் பார்த்து முடிவு செய்வதை ஒருபோதும் ஏற்க மாட்டேன். ஒரு வகைக் கவுனில் அட்டைபோல் ஒட்டிக்கொள்ளும் பட்டை, வேறொரு வகைத் துணியில் வழுக்கிக்கொண்டு இறங்கும். கையுறையையும் கவுனையும் தனித்தனியே ஒப்பந்தம் போட்டு வாங்கும் இடங்களில் இந்தப் பொருத்தத்தைப் பார்க்க யாருக்கும் பொறுப்பு இருப்பதில்லை. குறை வந்தால் கையுறைக்காரர் கவுனைக் கைகாட்டுவார்; கவுன்காரர் கையுறையை.

ரப்பரின் வகையும் ஓரளவு முக்கியம். இயற்கை லேடெக்ஸ் நீண்டு மறுபடி சுருங்கிப் பிடிப்பதில் கெட்டி. ஒவ்வாமை காரணமாக அதைத் தவிர்க்கும் இடங்களில் பாலிஐசோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் அதற்கு மிக அருகில் வருகிறது. லேடெக்ஸ் போடும் கையில் எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு தடவினால் ரப்பர் வலுவிழக்கும். வறண்ட கைக்குக் களிம்பு வேண்டுமென்றால் தண்ணீர் அடிப்படையிலானதைத் தேர்ந்தெடுக்கலாம். எண்ணெய்க் களிம்பை வீட்டுக்குப் போய்த் தடவிக்கொள்ளலாம்.

நீளம் வேறு கதை. கருப்பைக்குள் கைவிட்டு நஞ்சுக்கொடியை எடுக்க வேண்டிய நேரத்தில் எந்த விளிம்பும் எந்தப் பட்டையும் உதவாது. அதற்கு முழங்கைவரை வரும் நீளக் கையுறைதான் வேண்டும். அது கைவசம் இல்லாத இடங்களுக்குப் பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு, தொற்றுத் தடுப்புக் கையேடுகளும் சொல்வதுதான்: ஸ்டெரைல் கையுறை ஒன்றின் விரல்களை வெட்டிவிட்டு, மிச்சத்தை முன்கையில் ஏற்றிக்கொள்வது, அதன்மேல் முழுக் கையுறையை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி மாட்டுவது. பார்க்க ஒட்டுப் போட்ட சட்டைபோல இருக்கும். வேலை செய்யும்.

இந்த இடத்தில் ஒரு பழங்கதை. ரப்பர்க் கையுறை தியேட்டருக்குள் வந்ததே நோயாளிக்காக அல்ல. 1889–90 குளிர்காலத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட்டிடம் பணியாற்றிய செவிலியர் கரோலின் ஹாம்ப்டனின் கைகள், கிருமிநாசினியாகப் பயன்பட்ட மெர்க்குரிக் குளோரைடால் புண்ணாகிப் போயின. ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் சொல்லி மெல்லிய ரப்பரில் இரண்டு ஜோடி செய்வித்தார். இருவரும் 1890இல் திருமணம் செய்துகொண்டார்கள் என்பதால் எல்லோரும் இதைக் காதல் கதையாகவே சொல்வார்கள். எனக்குப் பிடித்த விவரம் வேறு: அவர் கேட்டு வாங்கிய கையுறைகள் மணிக்கட்டையும் தாண்டி முன்கையை மூடுபவை. அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பற்றி அன்றைக்கே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

மூன்றாவது வழி: இரட்டைக் கையுறை

எல்லாவற்றையும் எடைபோட்ட பிறகு என் வாக்கு இதற்குத்தான். ஆனால் இதை விற்கும்போது சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன்.

உறுதியாகத் தெரிந்தது இது. கையுறை ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வின்படி, ஒரு ஜோடிக்குப் பதில் இரண்டு ஜோடி போட்டால் உட்கையுறையில் ஓட்டை விழுவது 71 சதவீதம் குறைகிறது. தோலில் ரத்தக் கறை படிவது 65 சதவீதம் குறைகிறது. புதிதாகப் பிரித்த கையுறையே முழுக்கக் குறையற்றது என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. அறுவைக் கையுறைக்கான தரக் கட்டுப்பாட்டில் ஏற்கத்தக்க குறைபாட்டு அளவு என்று 1.5 சதவீதம் குறிக்கப்பட்டிருக்கிறது. அப்படியிருக்க, இரண்டாவது அடுக்கு ஆடம்பரம் அல்ல. அதே நேரம், இரட்டைக் கையுறையால் காயத் தொற்று குறையும் என்று நேரடியாக நிரூபிக்கப்பட்டதுபோல் பேசுவது சரியல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதல் குழு போதிய சான்று இல்லை என்று இதில் எந்தப் பரிந்துரையும் செய்யாமல் விட்டது. காக்கப்படுவது முதலில் நம் கை.

மணிக்கட்டுக்கு இதனால் என்ன லாபம்? துணிமேல் ரப்பர் வழுக்கும். ரப்பர்மேல் ரப்பர் அவ்வளவு எளிதில் வழுக்காது. உட்கையுறை கஃபையும் மடிப்பையும் அழுத்திப் பிடிக்கிறது. வெளிக்கையுறை அந்த ரப்பரைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. இரண்டு விளிம்புகளும் ஒரே இடத்தில் முடியக்கூடாது, அவ்வளவுதான். ஒன்று இன்னொன்றைவிட ஒரு விரற்கடை ஏறியிருந்தால், வெளிப்புறம் இறங்கினாலும் கஃப் வெளியே தெரியாது.

உள்ளே கரும்பச்சை, வெளியே வெளிர்நிறம் என்று வரும் காட்டிக்கொடுக்கும் ஜோடிகளை நான் விரும்புகிறேன். வெளிக்கையுறையில் ஓட்டை விழுந்து ஈரம் புகுந்தால் அந்த இடத்தில் கரும்பச்சைத் திட்டு படரும். வெளிச்சத்தின் கீழ் வேலை செய்கிறவருக்கே அது கண்ணில் படும். ஒரே நிறத்தில் இரண்டு போட்டால் இந்தச் சாட்சி கிடைக்காது.

'விரலுக்கு உணர்ச்சி போய்விடும்' என்ற எதிர்ப்பு எப்போதும் வரும். முதல் சில நாள் உண்மைதான். பெரும்பாலும் அளவைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே எண்ணில் போட்டதால் வரும் மரத்துப்போதல் அது. ஒன்றை அரை அளவு கூட்டினால் சரியாகும். உட்புறம் பெரிதா வெளிப்புறம் பெரிதா என்பதில் இரண்டு கட்சி உண்டு. நான் உட்புறத்தை அரை அளவு கூட்டுவேன். என் சிநேகிதி நேர்மாறாகச் செய்வாள். இருபது வருடமாக இருவரும் மற்றவரைத் திருத்தப் பார்க்கிறோம். நுண்ணோக்கியின் கீழ் கண்ணிலோ மெல்லிய ரத்தக் குழாயிலோ தையல் போடுகிறவர்கள் ஒற்றைக் கையுறைதான் வேண்டும் என்றால் நான் வாதாட மாட்டேன். அங்கே ரத்தமும் குறைவு, மணிக்கட்டின் அசைவும் குறைவு.

நான்காவது: டேப் சுற்றுவது

இதில்தான் எனக்கும் மற்றவர்களுக்கும் சண்டை. கையுறை விளிம்பையும் கவுனையும் சேர்த்து ஸ்டெரைல் டேப்போ, தன்மேல் தானே ஒட்டும் பட்டையோ, தோலில் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் கீற்றோ சுற்றிவிடுவது. இறங்காமல் நிறுத்துவதில் இதற்கு இணை இல்லை. அதை நான் மறுக்கவில்லை.

மூட்டு மாற்று அறுவையில் தலைமுழுதும் மூடும் காற்றாடிக் கவசம் போடுவார்கள். அந்தக் காற்றாடி கவுனுக்குள் காற்றை நிரப்புகிறது. அழுத்தம் கூடிய காற்று போக்கிடம் தேடி, மணிக்கட்டு இடைவெளியில் புஸ்ஸென்று வெளியேறும். உடைக்குள்ளிருக்கும் தோல் துகளையும் கூடவே தள்ளும். உட்புறம் ஒளிரும் துகளைத் தூவி, புற ஊதா வெளிச்சத்தில் பார்த்த ஆய்வுகளில் கவுனும் கையுறையும் சேரும் இடத்திலிருந்து துகள்கள் கசிந்தது தெரிந்திருக்கிறது. செயற்கை மூட்டு வைக்கும் இடத்தில் இது சாதாரண விஷயம் அல்ல. அங்கே அடைப்பது நியாயம்.

ஆனால் டேப் சுற்றியவர் கையுறையை மாற்ற வேண்டி வந்தால்? ஒருமுறை பார்த்தேன். நடு அறுவையில் கையுறை கிழிந்தது. டேப்பின் முனை எங்கே என்று தெரியவில்லை. ரத்தத்தில் நனைந்து மற்றதோடு ஒட்டிப்போயிருந்தது. ஸ்டெரைல் வட்டத்துக்கு வெளியே நின்று உதவும் பெண் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், பிறகு பற்றி இழுத்தாள். டேப் வந்தது, கூடவே கவுனின் துணியும் கிழிந்து வந்தது. கையுறை மாற்ற வேண்டியவர் கவுனையும் மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று. நோயாளியின் வயிறு அதுவரை திறந்தே இருந்தது.

கழற்றும்போதும் இதே ஆபத்து. எபோலா பரவிய 2014 காலத்தில் பாதுகாப்பு உடை பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், டேப் போட்டால் உடையைக் கழற்றுவது சிக்கலாகி, அதனாலேயே மாசுபடும் ஆபத்து கூடும் என்ற எச்சரிக்கை இருந்தது. போடும்போது பாதுகாப்பு, எடுக்கும்போது வினை.

டேப் வேண்டும் என்றே முடிவெடுத்தால், அதை உட்கையுறையின் விளிம்பில் சுற்றி, முனையை மடித்து ஒரு சிறு காதுபோல் விட்டு, அதன்மேல் வெளிக்கையுறையை ஏற்றிவிடுங்கள். வெளிக்கையுறையை எத்தனை முறை மாற்றினாலும் டேப் தன் இடத்தில் இருக்கும். கழற்றும் நேரத்தில் காதைப் பிடித்து இழுத்தால் அவிழும். இறுக்கிச் சுற்றக்கூடாது, இரண்டு மணி நேரத்தில் கை மரத்துவிடும்.

ரப்பர் பேண்ட் பற்றி ஒரே வரி: வேண்டாம். அறுந்து தெறித்தால் எங்கே போய் விழும் என்று யோசித்தாலே போதும். பஞ்சை எண்ணுவதுபோல் அதையும் எண்ண வேண்டிவரும்.

மாற்றும் நேரம் என்ற உரைகல்

மேலே சொன்ன வழிகளை எல்லாம் மாட்டும் நேரத்தில் வைத்து ஒப்பிட்டால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். எந்தக் கையுறையும் அறுவை முழுவதும் அப்படியே இருக்கப்போவதில்லை. ஜெர்மனியில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், 90 நிமிடம்வரை அணிந்த கையுறைகளில் 15.4 சதவீதத்திலும், 91 முதல் 150 நிமிடம் அணிந்தவற்றில் 18.1 சதவீதத்திலும், அதற்கும் மேல் அணிந்தவற்றில் 23.7 சதவீதத்திலும் ஓட்டை இருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கொருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். செயற்கை மூட்டை ஒட்டவைக்கும் எலும்புச் சிமெண்டைக் கையாண்ட பிறகு உடனே மாற்ற வேண்டும். அதன் வேதிப்பொருள் ரப்பரை ஊடுருவிச் செல்லும்.

வயிற்று அறுவையில் இன்னும் வலுவான காரணம் கிடைத்திருக்கிறது. இந்தியா உள்படக் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள ஏழு நாடுகளில் 13,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்து 2022இல் வெளியான, சீட்டா (ChEETAh) என்று பெயரிட்ட ஆய்வில், வயிற்றை மூடுவதற்கு முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றியவர்களிடம் காயத் தொற்று 16.0 சதவீதம்; வழக்கம்போல் செய்தவர்களிடம் 18.9 சதவீதம். அடுக்கு எத்தனை என்ற கேள்விக்குக் கிடைக்காத தெளிவு, மாற்று என்ற சொல்லுக்குக் கிடைத்திருக்கிறது.

இப்போது மணிக்கட்டுக்கு வாருங்கள். தொடக்கத்தில் கவுனின் கைக்குள்ளேயே கையை வைத்துக்கொண்டு கையுறை மாட்டுவோம். கை கஃபைத் தாண்டி வெளியே வராது. மாற்றும்போது அந்த முறை உதவாது. நம் கை ஒருமுறை கஃபுக்குள் நுழைந்து போயிற்று. கஃபின் உட்பக்கம் இனி ஸ்டெரைல் இல்லை. அதைக் கைமேல் இழுத்துவிட்டு மறுபடி மாட்டினால், வியர்வை பட்ட கஃப் புதுக் கையுறையின் விளிம்பைத் தொடும். ஒற்றைக் கையுறை போட்டவருக்கு இந்தச் சிக்கல் ஒவ்வொரு மாற்றத்திலும் வரும். வெளியே நிற்பவர் கையுறையை உருவும்போது கஃபும் சேர்ந்து இறங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு, உள்ளே ஸ்டெரைலாக நிற்கும் செவிலியர் புதுக் கையுறையை விரித்துப் பிடிக்க, அதற்குள் கையை நுழைப்பதுதான் சரியான வழி. நடைமுறையில் கஃப் ஏறக்குறைய எப்போதும் சற்று இறங்கத்தான் செய்கிறது.

இரட்டைக் கையுறையில் வெளிப்புறத்தை மட்டும் உருவினால் போதும். உள்ளே கஃப் மூடியபடியே இருக்கிறது. அரை நிமிட வேலை. இந்த ஒரு காரணத்துக்காகவே என் கணக்கில் அது மற்ற எல்லாவற்றையும் முந்துகிறது. அரை நிமிட வேலை என்றால் மருத்துவர் மாற்றுவார். கவுன்வரை போகும் வேலை என்றால் 'இருக்கட்டும், முடியப்போகிறது' என்பார்.

ஆகவே நான் எழுதிக் கொடுத்தது இது. ரத்தம் அதிகம் வரும் எல்லா அறுவைக்கும் நிறம் காட்டும் இரட்டைக் கையுறை, வெளிப்புறம் நேர்விளிம்பு. மூட்டு மாற்றுக்கு அதோடு உட்கையுறைமேல் டேப். மகப்பேறு அறையில் நீளக் கையுறை தனியே, பூட்டாத அலமாரியில். சிறு கட்டி நீக்கம், தோல் தையல் போன்றவற்றுக்கு அளவு சரியான ஒற்றை ஜோடி போதும். அங்கே இரட்டை போட்டு வீணாக்க வேண்டியதில்லை. தனிமைப்படுத்தும் வார்டில் இது எதுவும் பொருந்தாது. அங்கே உட்கையுறையைக் கவுனின் கைக்கு உள்ளேயும் வெளிக்கையுறையைக் கைக்கு மேலேயும் போட வேண்டும். கட்டைவிரலை நுழைக்கும் வளையம் உள்ள கவுன் கிடைத்தால் டேப்பை மறந்துவிடலாம். கழற்றிய பின் கை கழுவுவது எங்கேயும் மாறாது.

எந்த நிறுவனத்தின் கையுறை என்பதை மட்டும் காகிதத்தில் முடிவு செய்யவில்லை. தோலில் கோடு போடும் ஸ்டெரைல் பேனா ஒன்று எங்கள் தட்டில் எப்போதும் இருக்கும். வந்த மாதிரிகளை எங்கள் கவுனோடு அணிந்துகொண்டதும், கையுறை விளிம்பை ஒட்டிக் கவுனின்மேல் ஒரு கோடு போட்டோம். அறுவை முடிந்ததும் கோட்டுக்கும் விளிம்புக்கும் இடையே எத்தனை விரற்கடை என்று குறித்தோம். கழற்றிய பிறகு மணிக்கட்டில் தடம் இருக்கிறதா என்பதையும். உருட்டிய விளிம்பு வைத்த ஒரு மாதிரி முதல் நாளே வெளியேறிவிட்டது.

மாதிரிகள் எல்லாம் தீர்ந்த பிறகும் கோடு போடும் பழக்கம் நிற்கவில்லை. போன வாரம் குடல் அறுவை ஒன்று நீண்டுகொண்டே போனது. அந்த ஏழரை டாக்டர்தான். வெளியே நின்ற சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவள், சற்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"டாக்டர், கோட்டை விட்டுவிட்டீர்கள்."

தியேட்டர் ஒரு கணம் உறைந்தது. பிறகு அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். கருவியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டினார். நான் புது ஜோடியை விரித்துப் பிடித்தேன்.